வண்டி வாலை வெட்டினது ஜனங்க இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கார் செய்தி போடற பக்கத்துல ஸ்டேஷன் வேகன், அதான் கூரைய டிக்கி வரைக்கும் நீட்டுன கார், அதப் பத்தி சின்னதா ஒரு கட்டுரை வந்துச்சு. நம்ம ஊரு ஜனங்களுக்கு அந்த ஷேப்பே புடிக்காது, ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு, அதான் விக்கல, இப்ப எல்லாருக்கும் எஸ்யூவிதான் வேணும்னு நாலு வரியில கதைய முடிச்சிட்டீங்க. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல சார். ஏன்னா நான் பத்தொம்பது வருஷமா அந்த ஆம்புலன்ஸத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், அதுவும் இல்லாம ரெண்டு மாசம் முன்னாடி பிரான்ஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப டர்போ வச்ச ஸ்போர்ட்டி வேகன் ஒன்ன டெஸ்ட் டிரைவ் ஓட்டிட்டும் வந்துட்டேன், அதனால இதுல ரெண்டு வார்த்தை பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்குன்னு நினைக்கிறேன்.

என் வண்டி 2001 மாடல் மாருதி பலேனோ ஆல்டுரா. பலேனோன்னு சொன்னா இப்ப இருக்கிற பசங்க 2015-ல வந்த அந்த ஹேட்ச்பேக்குன்னு நினைச்சுக்கிறானுங்க, அது பேரு மட்டும்தான் சார் ஒன்னு, வண்டி வேற. நம்மளது 1590 சிசி, 94 குதிரை, அஞ்சு கியர், செடான் பாடியில பின்னாடி கூரைய அப்படியே நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். முத்தியால்பேட்டையில நான் சவுண்டு செட்டு வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில சாமி வர்றப்ப போடுற பாட்டு, எல்லாத்துக்கும் இதுல ஆம்ப்ளிஃபயர் ரெண்டு, 15 இன்ச் பாக்ஸ் ரெண்டு, மிக்சர், ஒயர் மூட்டை, அதுக்கு மேல குழாய் ஸ்பீக்கர் நாலு, முன்னாடி நானும் பையனும். பெரிய ஆர்டருன்னா மட்டும் டாட்டா ஏஸ் புடிப்பேன். தானே புயல் அடிச்சிட்டுப் போன 2012 பொங்கலப்ப கரண்டு இல்ல, ஆர்டரும் இல்ல, அந்த வண்டியிலதான் கடலூர் வரைக்கும் தார்ப்பாயும் தண்ணி கேனும் கொண்டு போய் சொந்தக்காரங்களுக்குக் குடுத்தோம், பண்ருட்டியில பலா மரமெல்லாம் வேரோட சாஞ்சு கெடந்தத இன்னும் மறக்க முடியல.

குறையும் சொல்லிடறேன். பின்னாடி லோடு ஏத்தினா வண்டி பின்பக்கம் படுத்துரும், ஹெட்லைட்டு எதுத்தாப்புல வர்றவன் கண்ணத்தான் பாக்கும். ஏசி போட்டுட்டு ஈசிஆர்ல காலாப்பட்டுக்கு அந்தாண்ட பஸ்ஸ ஓவர்டேக் எடுக்கணும்னா நாலுலேர்ந்து மூணுக்குப் போட்டு, ஏசிய ஆஃப் பண்ணி, மணக்குள விநாயகர வேண்டிக்கிட்டுதான் எடுக்கணும். அப்புறம் பின் கதவத் தூக்கிப் புடிக்கிற டிக்கி ஷாக் ரெண்டும் செத்து ஆறு வருஷம் ஆச்சு, ஒரு கடையில ஒரிஜினல்னு சொல்லிக் குடுத்தது மூணே மாசத்துல எண்ணெய் கக்கிடுச்சு, இப்ப ஒரு சவுக்குக் கட்டை முட்டுக் குடுத்துதான் நிக்கிது. மழையில அந்தக் கட்டை வழுக்கி ஒருநாள் கதவு என் முதுகுல இறங்குச்சு, அந்தக் கதை இப்ப வேணாம்.

இப்ப பிரான்ஸ் கதைக்கு வர்றேன். தங்கச்சி குடும்பம் பாரிசுக்கு வடக்கால சார்செல்ல இருக்காங்க, புதுச்சேரிக்காரங்க நெறைய பேர் இருக்கிற ஊரு. மச்சான் பழைய டீசல் வண்டிய மாத்தப் போறார், செகண்ட் ஹேண்ட்ல 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா காம்பி ஆர்எஸ் 245 வேகன் ஒன்னு பாத்து வச்சிருந்தார். ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரை, ஏழு கியர் ஆட்டோமேட்டிக். நீயும் வந்து ஓட்டிப் பாத்துச் சொல்லு மச்சான், நீதான் வேகன்காரனாச்சேன்னார். நான் இங்கேர்ந்தே இன்டர்நேஷனல் பர்மிட்டு எடுத்துட்டுதான் போயிருந்தேன், அதையும் லைசென்ஸையும் கடைக்காரன் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு அரை மனசா சரின்னான்.

அங்க வேகனுக்கு பேரு என்ன தெரியுமா சார், பிரேக். பிரெஞ்சுல பிரேக்னா இந்த மாதிரி நீள வண்டி. இது எனக்குத் தெரியாது. கடைக்காரன் வண்டியக் காமிச்சு பிரேக் பிரேக்னு அடிக்கடி சொல்றான், நானும் சரிப்பா பிரேக்கு நல்லா புடிக்கும் போலன்னு தலைய ஆட்டிட்டு ஏறி உக்காந்தேன். இடதுபக்க ஸ்டியரிங்கு, கியர் போட கைய எடுத்தா கதவுல போய் இடிக்கிது. இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஓடுது, ஏன்னா என் வண்டியில இண்டிகேட்டர் வலது கைப்பக்கம், இதுல இடதுபக்கம், நல்ல வெயில்ல கண்ணாடிய வறட்டு வறட்டுன்னு தொடைச்சிக்கிட்டே கடைய விட்டு வெளிய வந்தேன். அடுத்தது இடது கால், இருபத்தஞ்சு வருஷமா கிளட்ச் மிதிச்ச கால் சும்மா இருக்குமா, சிக்னல் வரவும் கிளட்ச்னு நினைச்சு ஒரே மிதி, அது பிரேக்கு, வண்டி ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு, மச்சான் போன் முன்னாடி போய் விழுந்துச்சு, பின் சீட்டுல கடைக்காரன் ஏதோ பிரெஞ்சுல சொன்னான், மச்சான் மொழிபெயர்க்கல.

அதுக்கப்புறம் கால அடக்கி வச்சுக்கிட்டு ஃபிரான்சிலியன்னு பாரிச சுத்திப் போற பெரிய ரோட்டுக்கு வந்தோம். அந்த ரோட்டுல சேர்ற சரிவுல ஏறும்போது வண்டி 60-ல போகுது, அந்தாண்ட லாரியெல்லாம் வேகமா வருது, போர்டு 110. என் ஆல்டுராவா இருந்தா இந்த எடத்துல ஒரு பெரிய யோசனையே நடக்கும். இதுல வலது கால லேசா அமுக்கினேன் சார், அமுக்கினேன்னு கூட சொல்லக்கூடாது, வச்சேன், ரங்கராட்டினம் மேலேர்ந்து இறங்கும்போது வயித்துல ஒன்னு பண்ணுமே அது பண்ணுச்சு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள 110. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டற முள்ளு 3000 கூட தாண்டல.

எங்க தொழில்ல சொன்னா ஈசியா புரியும். சின்ன ஆம்ப்ளிஃபயர வச்சுக்கிட்டு வால்யூம கடைசி வரைக்கும் திருகினாலும் கூட்டத்துல பாட்டு கேக்கும், ஆனா கத்தும், கிழியும். பெரிய ஆம்ப்ல கால்வாசி வச்சா போதும், மைதானமே நெறைஞ்சிடும், ஆம்ப் சூடு கூட ஆகாது. என் வண்டி அந்த சின்ன ஆம்ப் ரகம், 3000-க்கு மேல போனாத்தான் அதுக்கு 130 நியூட்டன் மீட்டர் இழுவை முழுசா வரும். இந்த ஆர்எஸ்ல 1600-லேயே 370 வந்துடுது, வந்தது 4300 வரைக்கும் குறையாம நிக்கிது. எல்லாம் டர்போ பண்ற வேலை, இன்ஜின்லேர்ந்து வீணா போற புகைய வச்சே ஒரு விசிறிய சுத்தவிட்டு, அதே அச்சுல இன்னொரு விசிறி வெளிக்காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள அனுப்புது, காத்து கூடுனா பெட்ரோலும் கூட எரியும். டர்போ நம்ம ஊருக்கும் புதுசு இல்ல, நெக்ஸான், வென்யூ, ஃபிரான்க்ஸ்னு சின்ன வண்டியிலேயே வந்தாச்சு, இந்த அளவுல ஓட்டிப் பாத்தது எனக்கு இதான் மொதல் தடவ.

ஆனா ஒரு விஷயத்துல என்ன ஏமாத்த முடியல. ஸ்போர்ட் மோடுல போட்டதும் இன்ஜின் சத்தம் திடீர்னு கனமா, உறுமலா மாறிச்சு, மச்சான் பாத்தியான்னு சிரிக்கிறார். நான் காத வச்சேன், சத்தம் இன்ஜின்லேர்ந்து வரல, சைலன்சர்லேர்ந்தும் வரல, முன் கண்ணாடிக்குக் கீழேர்ந்து வருது. மச்சான் இது ஸ்பீக்கர் வேலைன்னேன். அவர் நம்பல, பின்னாடி திரும்பிக் கடைக்காரன கேட்டார், அவன் சிரிச்சிட்டே ஆமான்னுட்டான், சத்தத்தக் கூட்டிக் காட்டத் தனியா ஒரு கருவி வச்சிருக்கானாம், வேணாம்னா செட்டிங்ல அமத்திக்கலாமாம். ஊருல நாங்க நாதஸ்வரத்துக்கு கேசட் போட்டா கல்யாண வீட்டுல திட்டறாங்க, இவன் இன்ஜினுக்கே கேசட் போடறான். அத அமத்திட்டு ஓட்டினா இன்ஜினோட சொந்த சத்தம் தனியாவே நல்லாத்தான் இருந்துச்சு, எதுக்கு இந்த வேஷம்னு தெரியல.

திரும்பி வரும்போது ஊருக்குள்ள ஸ்பீடு பிரேக்கர், அங்கயும் இருக்கு சார், நம்ம ஊரு மாதிரி திடீர் மதில் இல்ல, போர்டு வச்சு அளவா போட்டது. அதுலயே வண்டி டக்குன்னு ஒரு அடி வாங்குச்சு. டயர்ல ரப்பரே கம்மி, ரிம்முதான் பெருசு, ஆர்எஸ் வேற சாதாரண ஆக்டேவியாவ விட தாழ்வு. எங்க தெரு முனையில ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு, அதுல இந்த வண்டி ஏறினா கீழ தாடைய அங்கயே விட்டுட்டுதான் வரும். ஃபெஞ்சல் புயல் அன்னைக்கி ஒரே நாள்ல அரை மீட்டர் கிட்ட மழை கொட்டுச்சே, ரெயின்போ நகர்ல என் ஆல்டுரா சீட்டு வரைக்கும் தண்ணியில நின்னுச்சு, காய வச்சு ஓட்டறதுக்கு ஒரு மாசம் ஆச்சு, அன்னைக்கி எஸ்யூவி வச்சிருந்தவன் பாத்து சிரிச்சதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். மைலேஜும் ஒன்னும் பெரிய வித்தியாசம் இல்ல, அதுல லிட்டருக்கு இத்தன கிலோமீட்டர்னு காட்டாது, 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னுதான் காட்டும், நாங்க ஓட்டினதுக்கு 9 காமிச்சுது, கணக்குப் போட்டா லிட்டருக்கு 11, என் கெழவன் ஆல்டுராவும் டவுன்ல அதான் குடுக்குது.

கடைக்கு வந்ததும் நான் நேரா பின்னாடி போனேன். டிக்கி தொறக்க பட்டன், கதவு தானா மேல போகுது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, போன கையோட குனிஞ்சு கட்டைய தேடறேன். முட்டுக் குடுக்கற சவுக்குக் கட்டைய! கை பழக்கம் சார். மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சார்.

உள்ள 610 லிட்டர் எடம். டிக்கியிலேயே ஓரமா ரெண்டு கைப்புடி, இழுத்தா பின் சீட்டு படுத்துரும், அப்ப 1740 லிட்டர். நான் சாண் போட்டு அளந்தேன், என் ரெண்டு பாக்ஸும் படுத்த வாக்குல போயிடும், ஆம்ப் பக்கத்துல, ஒயர் மூட்டை சக்கர மேட்டுக்குப் பின்னாடி, குழாய் மேல. ஓரத்துல இருக்கற லைட்டக் கழட்டுனா டார்ச் லைட்டு, பெட்ரோல் மூடிக்குப் பின்னாடி பனி சுரண்டற பிளாஸ்டிக்கு, இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயத்துல அந்த செக் நாட்டுக்காரன் மூளைய போட்டிருக்கான். ஆனா எனக்கு முக்கியமா பட்டது அது இல்ல, தரை உசரம். பாக்ஸ் ஒன்னு 30 கிலோ சார். வேகன்ல முழங்காலுக்குக் கொஞ்சம் மேல தூக்கி உள்ள தள்ளிட்டா போதும். எம் பையன் போன வருஷம் லோன்ல எடுத்தானே ஒரு குட்டி எஸ்யூவி, அதுல இடுப்புக்கு மேல தூக்கணும், தூக்கினாலும் ஒரு பாக்ஸோட கதை முடிஞ்சுது, ரெண்டாவது உள்ள போகாது. வெளியேர்ந்து பாத்தா யானை மாதிரி நிக்குது, டிக்கிய தொறந்தா ரெண்டு சூட்கேஸு. 58 வயசுல என் இடுப்புக்குத் தெரியும் எது நல்ல வண்டின்னு.

இப்ப உங்க கட்டுரைக்கு வர்றேன். ஜனங்களுக்கு ஷேப்பு புடிக்கலன்னு எழுதினீங்களே, 2006 பட்ஜெட்ட எடுத்துப் பாருங்க சார். 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா அது சின்ன வண்டி, எக்சைஸ் வரி 24 சதவீதம் இல்ல, 16-ன்னு மாத்தினாங்க. அன்னிலேர்ந்து கம்பெனிக்காரன் எல்லாம் டேப்ப எடுத்துக்கிட்டு வண்டி வாலத்தான் வெட்டினான். டாட்டா இண்டிகோ 2008-ல சிஎஸ்னு வால் குறைஞ்சு வந்துச்சு, ஸ்விஃப்ட் டிசையர் 2012-ல 3995 மில்லிமீட்டர் ஆச்சு, அந்த அஞ்சு மில்லிமீட்டர் எதுக்குன்னு நினைக்கிறீங்க? செடானையே இப்படி நறுக்கினா, பின்னாடி கூரைய நீட்டறதுதான் பொழப்பேன்னு இருக்கிற வேகன் எங்க சார் போகும்? ஜிஎஸ்டி வந்தும் அதே 4 மீட்டர் கோடுதான், 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன வண்டிக்கு 18, அந்தக் கோட்டைத் தாண்டினா 40. ஒரு சாண் நீட்டினா வரி ரெண்டு மடங்குக்கு மேல போற ஊருல நீட்டறதுக்கு எவன் வருவான்?

பிரான்ஸ்ல வரி இல்லாம இல்ல, இன்னும் கடுசு. மாலுஸ்னு ஒன்னு இருக்கு, புதுசா வாங்குற வண்டி கக்குற கார்பனுக்கு ஒரு அபராதம், 2022-லேர்ந்து எடைக்கும் சேத்து. இந்த ஆர்எஸ் மாதிரி வண்டியப் புதுசா எடுத்தா அதுவே ஆயிரக்கணக்குல போகுமாம், அதான் மச்சான் செகண்ட் ஹேண்ட்ல பாத்தார். ஆனா அங்க யாரும் டேப்ப வச்சு வாலை அளக்கறது இல்ல. புகைக்கு வரி போடு, எடைக்கு வரி போடு, அர்த்தம் இருக்கு, நீளத்துக்கு எதுக்கு சார்?

என் ஆல்டுராவும் 2006-க்கு முன்னாடியே ஓடாத வண்டிதான், அதையும் மறைக்கல. 1992-ல டாட்டா எஸ்டேட், 2003-ல கோர்சா ஸ்விங், 2004-ல இண்டிகோ மெரினா, எல்லா வேகனும் வந்து வந்து போச்சு. அப்ப வேகன்னா அதே செடானுக்கு மேல காசு குடுத்து வாங்கணும், அதே இன்ஜின், ரெண்டு கிலோமீட்டர்ல மூச்சு வாங்கும், லோடு ஏத்தினா பின்னாடி படுக்கும். சுமை தூக்கற வண்டிக்கு பலம் குடுக்காம வித்துட்டு ஷேப்பு சரியில்லன்னு சொன்னா எப்படி? டர்போ போட்ட நீள வண்டிய நம்ம ஆளு ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டும், அப்புறம் புடிக்கலன்னா எழுதுங்க. 2025 அக்டோபர்ல ஸ்கோடாக்காரன் ஆக்டேவியா ஆர்எஸ்ஸ இந்தியாவுக்குக் கொண்டுவந்தான், 265 குதிரை, விலை 50 லட்சத்துக்கு ஆயிரம்தான் கம்மி, வந்ததே 100 வண்டி, அதுலயும் வேகன் கிடையாது. பாக்காத பொண்ண புடிக்கலன்னு சொன்ன கதையா இருக்கு.

மச்சான் அந்த வண்டிய வாங்கிட்டார். போன வாரம் வீடியோ கால்ல காமிச்சார், பாரிஸ் லா ஷப்பெல் தமிழ்க் கடையிலேர்ந்து பொன்னி அரிசி பத்து மூட்டை, ஒரு கிரைண்டரு, மேல முருங்கக்கா கட்டு, எல்லாம் ஏத்திட்டு பட்டன அமுக்கினார், கதவு தானா இறங்குச்சு. வண்டி பின்பக்கம் படுக்கவே இல்ல. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல, ஆசைதான், இல்லன்னு சொல்லல. அவர் சொன்ன விலை நம்ம காசுக்கு 24 லட்சம் வருது, என் கெழவன மாசி மகத்துக்கு வாடகைக்கு ஓட்டிட்டு மாசம் ரெண்டு டேங்கு பெட்ரோலோட நான் கணக்க முடிச்சுக்கறேன். ஆர்சி ரினிவல் வேற வருது, 15 வருஷம் தாண்டின காருக்கு அறுநூறா இருந்தது 2022-லேயே அஞ்சாயிரம் ஆச்சு, இப்ப 20 வருஷம் தாண்டினா பத்தாயிரம்ங்கறாங்க, அதையும் கட்டிருவேன்.

இந்தக் கடிதத்த முழுசா போட எடம் இல்லன்னா மேல இருக்கறத வெட்டிக்கோங்க, வெட்டறதுதான் வழக்கமாச்சே, ஆனா இந்தக் கடைசி வரிய மட்டும் போட்டுடுங்க சார். பலேனோ ஆல்டுராவோட பின் கதவு டிக்கி ஷாக், இடது வலது ரெண்டும், ஓடற கண்டிஷன்ல புதுச்சேரி கடலூர் பக்கம் யாராவது வச்சிருந்தா முத்தியால்பேட்டையில வந்து சவுண்டு செட்டுக்காரர்னு கேட்டா போதும், நல்ல விலைக்கு எடுத்துக்கறேன், டூப்ளிகேட் வேணாம்.

இப்படிக்கு,
சவுண்டு செட்டுக்காரர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி